மெயின் சுவிட்சை அணைப்பதற்கு முன்

"குப்பையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்லா. பாருங்க, எவ்ளோ சுத்தமா இருக்கு."

பஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி அக்கா இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அத்தனை பெருமை. நான் அவருடைய கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். பஸ்களின் பதிவு இருக்க வேண்டிய இடம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது.

ஜெலாப்பாங்கில் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது அந்த பஸ் கம்பெனி. மலாயில் கிலாங் என்றால் தொழிற்சாலை; கிலாங் பஸ் என்று சொல்வோம். விடியும் முன் தாமான் தாமானாக, வீட்டுக் குடியிருப்புகளுக்கெல்லாம் போய் ஆட்களை ஏற்றிவந்து தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுகிற பஸ்கள். நான் ஈப்போவில் இப்படிப்பட்ட சின்னக் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். மாதம் ஒரு முறை வருவேன், நகல் ஒன்று எடுத்து வைப்பேன், முதலாளியை நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவேன். மின்சாரம் போனாலும் சர்வரை அணையாமல் தாங்குகிற யூபிஎஸ் பேட்டரி செத்துவிட்டது, மாற்றுங்கள் என்று நான் கத்துவதும், "அடுத்த மாசம் பாக்கலாம்லா" என்று அவர் சிரிப்பதும் எங்களுக்குள் வழக்கமாகிப்போனது.

அன்று நான் வந்தது மாதாந்திர வேலைக்கு இல்லை. என் அக்காவின் கணவர் அங்கேதான் பஸ் ஓட்டுகிறார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். கம்பெனியிலேயே மூத்த டிரைவர். முந்தின வாரம் ஒரு விடியற்காலையில், கோலா கங்சாரிலிருந்து வரும் பழைய சாலையில், ஓர் எஸ்டேட் முகப்பில் இருக்கும் வளைவில் அவருடைய பஸ் ஒரு மோட்டார்சைக்கிளை இடித்துவிட்டது. எஸ்டேட் என்பது இப்போது பேச்சுக்குத்தான். ரப்பர் மரங்களை வெட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பாதி எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம், பாதி தாமான். மோட்டாரில் வந்தது அந்தத் தாமானில் குடியிருக்கும் ஒரு பெண். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அவள் பார்க்காமல் சாலைக்குள் பாய்ந்தாள் என்றது கம்பெனி. பஸ் கண்மண் தெரியாமல் வந்தது என்றார்கள் அவள் வீட்டார். மாமா ஒரே வார்த்தையில் நின்றார்: "நான் மெதுவாத்தான் வந்தேன்." பொலிஸிலும் அதையே சொல்லியிருந்தார். அக்கா எனக்கு ஃபோன் செய்து அழுதாள். "லைசன்ஸ் போச்சின்னா இந்த வயசுல அவருக்கு வேற என்னடி தெரியும்? கேசு அது இதுன்னு உள்ள போட்டுட்டானுங்கன்னா நான் என்ன செய்வேன்?"

எனக்கு மாமாவின் மேல் துளி சந்தேகமும் இல்லை. பந்தியில் கடைசி ஆளாக எழுந்து கை கழுவுகிற மனிதர் அவர். மெதுவாக வருவதைத் தவிர அவருக்கு வேறென்ன தெரியும் என்று அக்காவிடமே கேலி செய்திருக்கிறேன். அதோடு, ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு டிராக்கர் இருக்கிறது. பஸ் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று அது விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அலுவலக மேசைக்கு அடியில் இருக்கும் சர்வரில் ஒரு புரோகிராம் அதையெல்லாம் கேட்டு ஒரே கோப்பில் எழுதிக்கொண்டே போகும். மறுநாள் காலையில் விசாரணை அதிகாரி வருவதாக இருந்தது. அந்த வளைவில் மாமாவின் வேகம் என்ன என்று பதிவு சொல்லிவிட்டால் எல்லார் வாயும் அடைத்துவிடும். அதை எடுத்துக் கொடுக்கத்தான் வந்தேன். மாதாந்திர நகலில் அது இருக்காது. விபத்து நடந்தது அதற்குப் பிறகு.

வந்த நாள் ஆயுத பூஜை. காலை டிரிப் முடிந்து, மாலை டிரிப் தொடங்குவதற்குள் பூஜை. பஸ்களைக் கழுவி வரிசையாக நிறுத்தி, முகப்பில் வாழைக்கன்று கட்டி, டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஸ்டியரிங்கில், ஸ்பேனரில், காற்றடிக்கும் மிஷினில் எல்லாம் சந்தனம், குங்குமம். அலுவலகத்தையும் விட்டுவைக்கவில்லை. சர்வர் பெட்டியின் மண்டையில் மூன்று விரல் விபூதி இழுத்து, கீழே குங்குமம் வைத்திருந்தது. கணக்கு எழுதும் அக்காவின் கைவண்ணம் அது. எஸ்டேட்டில் கணக்குப் பார்ப்பவரைக் கிராணி என்பார்கள். பஸ் கம்பெனிக்கு வந்த பிறகும் டிரைவர்கள் அந்தப் பெயரை விடவில்லை. அவரும் விட விடவில்லை.

"எதை அழிச்சீங்க அக்கா?" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"டிஸ்க் ஃபுல்லு, டிஸ்க் ஃபுல்லுன்னு டெய்லி கத்துது. பாத்தா ஒரே ஒரு பைலுதான் அவ்ளோ பெருசா உக்காந்திருக்கு. பூஜைக்கு எல்லாத்தையும் கூட்டிப் பெருக்குறோம், இதுல மட்டும் குப்பைய வச்சிக்கிட்டு சாமி கும்பிடலாமா? சந்தனம் வைக்கிறதுக்கு முன்னாடிதான் தூக்கிப் போட்டேன்."

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

நான் போட்ட சத்தத்தில் வெளியே தோரணம் கட்டிக்கொண்டிருந்த டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிராணி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. அது என் வீட்டுக்கே தெரிந்த சங்கதி. கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியிலும் தேடினேன். வேறு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக அழித்த கோப்பு அங்கே வந்து தங்காது என்று தெரிந்தும் தேடினேன்.

மாமா அதே அறையில்தான் இருந்தார். சுவரில் மெயின் சுவிட்ச் இருக்கும் பெட்டியின் பக்கத்தில், புது வேட்டியும் சட்டையுமாக. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஆயுதங்களுக்கு ஓய்வு என்றால் முழு ஓய்வு. விளக்கு வெளிச்சத்தில்தான் தீபாராதனை. அணைப்பதும், பூஜை முடிந்ததும் போடுவதும் மூத்த டிரைவரின் உரிமை. அதற்காகத்தான் அவர் அங்கே நின்றார்.

"போயிடுச்சாம்மா?" என்றார்.

"இருங்க மாமா, பாக்குறேன்."

"போனா போவட்டும். கிராணி அக்காவத் திட்டாத. விடு."

இந்த நேரத்திலும் பிறத்தியாருக்காகப் பேசுகிறாரே, என்ன பெரிய மனசு என்று நினைத்தேன். இந்த மனிதரை இவர்கள் கையில் விட்டுக்கொடுப்பதா என்று ஒரு வீம்பும் வந்தது.

சர்வரின் முன் குந்தி உட்கார்ந்து டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். அங்கேதான் எனக்கு மூச்சு வந்தது. டிஸ்க் இன்னமும் ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. அவ்வளவு பெரிய கோப்பை அழித்த பிறகும் கொஞ்சமும் காலியாகவில்லை. கிராணி அக்கா அழித்தது பெயரை மட்டும்தான். சர்வரில் ஓடுவது லினக்ஸ். அதில் அப்படித்தான்: ஒரு கோப்பை ஏதாவது ஒரு புரோகிராம் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், பெயரை எடுத்துவிட்டாலும் உள்ளே இருப்பது போகாது. வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றியாயிற்று. உள்ளே ஆள் குடியிருக்கிறார். அந்தப் புரோகிராம் பிடியை விடுகிற நிமிஷம் எல்லாம் போய்விடும். புரோகிராம் நின்றால் பிடி போகும். மின்சாரம் போனால் புரோகிராம் நிற்கும்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மாமாவின் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"மாமா, தொடாதீங்க!"

அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். அதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். "என்னம்மா சத்தம்? நல்ல நேரம் போவுது. பூசாரிக்கு அடுத்து சிலிபின்ல பூஜ இருக்காம்."

"அண்ணே, பதிவு இன்னும் உள்ள இருக்கு. இந்தப் பெட்டி அணைஞ்சிச்சின்னா போச்சி. நான் சொல்ற வரைக்கும் கரண்ட்ட அணைக்கக் கூடாது."

"ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேன். என் ஃபோனெல்லாம் அப்படித்தான் சரியாவும்."

"அண்ணே!" என்றேன். நான் பார்த்த பார்வையில் அவர் இரண்டு அடி பின்னால் போனார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் அது. அன்று அது ஒன்றுதான் விஷம்.

லினக்ஸில் புரோக் என்று ஓர் இடம் உண்டு. பார்க்க சாதாரண ஃபோல்டர் மாதிரி இருக்கும், ஆனால் டிஸ்க்கில் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதில் ஒரு எண் போட்ட அறை. அறைக்குள் எஃப்டி என்று ஒரு சின்ன ஃபோல்டர். அந்தப் புரோகிராம் இந்த நிமிஷம் எந்தெந்தக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது என்று அதில் எண் எண்ணாகத் தெரியும். டிராக்கர் புரோகிராமின் எண்ணைக் கண்டுபிடித்து உள்ளே போனேன். சுழி, ஒன்று, இரண்டு எல்லாம் வழக்கமானவை. மூன்று நெட்வொர்க். நான்கு என்ற எண்ணுக்கு எதிரே பஸ் பதிவின் பழைய பெயர், அதற்குப் பக்கத்தில் 'டிலீட்டட்' என்று ஒரு சொல். அழிந்துவிட்டது என்று எழுதி வைத்துக்கொண்டே அதை எனக்குத் திறந்தும் காட்டியது. அந்த நாலாம் எண்ணை அப்படியே கும்பிடலாம் போல இருந்தது.

கோப்பை முழுசாக வெளியே எடுத்துவிடலாம் என்று பையிலிருந்து பென்டிரைவைச் செருகினேன். டிஸ்க்கிலேயே நகல் எடுக்க இடம் இல்லை. நகல் எடுக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. முதலாளிதான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: முதலில் பஸ்களுக்கு ஒவ்வொன்றாகத் தீபம் காட்டிக்கொண்டு வரட்டும், அலுவலகம் கடைசி. பூசாரி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மூன்றாவது பஸ்ஸுக்கு மணி அடிக்கும்போது நகல் நின்றுவிட்டது. கோப்பு மிகப் பெரியது என்று ஒரு வரி. பென்டிரைவைப் பழைய முறையில் ஃபார்மேட் செய்திருந்தேன். ஓர் அளவுக்கு மேல் அது ஒரே கோப்பை வாங்காது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிஸ்க்கில் மிஞ்சியிருந்த இடத்தைப் பார்த்தேன். குறைந்துகொண்டே வந்தது. நிறுத்தி வைத்திருந்த பஸ்கள் கூட 'நான் இங்கேதான் இருக்கிறேன், வேகம் சுழி' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தன. டிஸ்க் முழுசும் நிறைந்தால் இந்தப் புரோகிராம் செத்து விழும் என்று முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். போதாததற்குக் கிந்தா மலைப் பக்கம் இடி உருண்டது. ஈப்போவில் மத்தியான மழைக்கு முன் மின்சாரம் ஒரு தடவை கண் சிமிட்டுவது சகஜம். செத்த பேட்டரியை நினைத்து முதலாளியை வாய்க்குள்ளேயே வைதேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. முழுக் கோப்பும் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது ஒரே ஒரு பஸ், ஒரே ஒரு காலை. நாலாம் எண்ணைத் திறந்து, மாமாவின் பஸ் எண்ணும் அந்தத் தேதியும் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கிப் பென்டிரைவில் போடு என்று கட்டளையை மாற்றி எழுதினேன். அவசரத்தில் பஸ் எண்ணைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன்.

பழைய டிஸ்க். முனகிக்கொண்டே தேடியது. கிராணி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "என்னால தானேலா" என்றார் மெல்ல. கண் கலங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?" இது மாமா. சுவிட்சை விட்டு அவர் நகரவே இல்லை.

"முடிஞ்சிரும் மாமா."

"பூசாரி ரொம்ப நேரமா நிக்கிறாரு."

"நிக்கட்டும். உங்கள விடவா?"

அவர் சுவிட்ச் பெட்டியின் கதவைத் திறந்தார், மூடினார். அந்தக் கதவின் கிறீச் சத்தம் என் பல்லைக் கூசவைத்தது. கை மறுபடி சுவிட்சுக்குப் போயிருந்தது. பாவம், பூஜை தாமதமாகிறதே என்று தவிக்கிறார் என்று நினைத்தேன். அறைக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு ஒரு தடவை மங்கித் திரும்ப எரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தேன். புரோகிராம் உயிரோடுதான் இருந்தது.

கடைசி பஸ்ஸின் மணிச் சத்தம் ஓய்ந்து, பூசாரியும் முதலாளியும் அலுவலக வாசலுக்கு வந்து நின்றபோது தேடல் முடிந்தது. பென்டிரைவில் ஒரு சின்னக் கோப்பு. அது நிஜமாகவே எழுதப்பட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு, திறந்து, வரிகளை உருட்டினேன். கோலா கங்சாரில் கிளம்பியது. தாமான்களில் நின்று நின்று வந்தது. பழைய சாலை. அந்த வளைவு எனக்குத் தெரியும். ஐம்பது என்று போர்டு இருக்கிறது. லாலான் புல் பாதியை மறைத்திருக்கும்.

எண்பத்து நான்கு. எண்பத்தெட்டு. எஸ்டேட் முகப்பில் தொண்ணூற்றொன்று. அதற்குச் சில வரிகளுக்குப் பிறகு சுழி.

பஸ் எண் சரிதானா என்று பார்த்தேன். தேதி சரிதானா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. முகத்தில் அறைந்தது போல இருந்தது எனக்கு. எப்போது வந்தாரோ, மாமா என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். கிராணி அக்காவுக்கு அந்த எண்களில் ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரு நினைப்பு வந்தது. அதைச் சொல்லாமல் மறைக்க விரும்பவில்லை. சுவிட்சை அணைத்தால் சர்வரில் இருப்பது போய்விடும். மிச்சம் இந்தப் பென்டிரைவ்தான், அதுவும் என் கையில். கிடைக்கவில்லை என்று சொன்னால் இந்த வாசலில் நிற்கும் ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே கைவிட்ட விஷயம்தான். அக்காவின் அழுகை காதில் கேட்டது. கூடவே, நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண் கட்டுப்போட்ட காலோடு படுத்திருப்பதும், அவள் மேல் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சுமத்திய பழியும் நினைவுக்கு வந்தன. அவளைக் குருட்டுத்தனமாக வந்தவள் என்று நானும் அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

"கிடைச்சிச்சாம்மா?" என்றார் முதலாளி வாசலிலிருந்து.

நான் அந்த வரிகளை மறுபடி மேலே உருட்டினேன்.

"கிடைச்சிருச்சி அண்ணே," என்றார் மாமா. "நான் வேகமாத்தான் வந்திருக்கேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

மழை தகரக் கூரையில் விழ ஆரம்பித்தது. நான் பென்டிரைவைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்தேன். அவர் அதை என்ன செய்வது என்று தெரியாதவர் போல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாமா நடந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார். சர்வரின் விசிறிச் சத்தம் அடங்கியது. பூசாரி கற்பூரம் ஏற்றினார். எல்லாரையும் போல மாமாவும் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சுவிட்சைப் போட்டார். பொரியும் சுண்டலும் கைக்குக் கை வந்தன.

மாலை டிரிப்புக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டு மாமா வெளியே வந்தார். நான் அவர் காரின் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே மாமா?"

"தெரியும்."

"கை சுவிட்சு மேலதானே இருந்திச்சி. அணைச்சிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் அணைக்கல?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலஞ்சி தடவ அணைக்கப் பாத்தேன்மா. நீ எனக்காகத்தான் அப்படி மாரடிச்சிக்கிட்டு இருந்த. 'உங்கள விடவா'ன்னு கேட்ட பாரு, அதுக்கப்புறம் கை போனாலும் அணைக்க மனசு வரல."

நான் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்," என்றார். "அந்தப் பொண்ணப் பாக்கணும். நீயும் வா. தனியா என்னால முடியாது."

சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எங்கே போனாலும் வண்டி ஓட்டுவது அவர்தான்; வேறு யாரும் ஓட்ட அவர் விட்டதே இல்லை. சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நீ ஓட்டும்மா," என்றார்.